விண்டெபியில் ஒரு கண்கட்டு

ஒரு கவிதை நம்பியிருந்த சரித்திரம் பொய்த்துப்போனால் கவிதை என்ன ஆகிறது? ஸீமஸ் ஹீனியை முன்வைத்து நண்பர் ஒருவர் கேட்டார். பதில் சொல்லுமுன் சதுப்புநிலத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. விமர்சனத்துக்கு மண்ணும் பாசியும் எதற்கு என்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகலாம்.

1952 மே மாதம், வட ஜெர்மனியில் விண்டெபி என்ற இடத்துச் சதுப்பில் பீட் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பீட் என்பது முழுக்க மக்காத பாசி படிந்து படிந்து இறுகிய கறுப்பு மண், காயவைத்தால் எரியும். இயந்திரம் ஒரு காலைத் துண்டித்த பிறகுதான் உள்ளே உடல் இருப்பது தெரிந்தது. பதினான்கு வயது மதிக்கலாம். தலைமுடி ஒரு பக்கம் ஒட்ட வெட்டினாற்போல் இருந்தது. கண்கள்மேல் கம்பளிப் பட்டை. சில வாரங்களில், சில மீட்டர் தள்ளி, கழுத்தில் ஹேஸல் கிளை சுற்றிய ஓர் ஆணின் உடல்.

இங்கே டாஸிட்டஸ் நுழைகிறார். கி.பி. 98 வாக்கில் எழுதிய ‘ஜெர்மானியா’வில் இரண்டு செய்திகள் சொல்கிறார். கோழைகளையும் இழிசெயல் புரிந்தவர்களையும் சேற்றில் அமிழ்த்தி மேலே தட்டி போட்டு மூடுவார்கள் என்பது ஒன்று. சோரம் போன மனைவியை முடி கத்தரித்து, ஆடை களைந்து, ஊர் நெடுக அடித்து விரட்டுவார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் வேறு வேறு அத்தியாயம், வேறு வேறு தண்டனை. ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்து ஒட்டினார்கள். கிடைத்தது ஒரு பெண், அவள் குற்றம், பக்கத்திலேயே காதலன். டேனிஷ் அறிஞர் பி. வி. குளோப் 1965-இல் எழுதிய புத்தகத்தில் இவளும் உண்டு. அது 1969-இல் ஆங்கிலத்தில் வந்தது, ஹீனி படித்தார். 1975-இல் வெளியான ‘நார்த்’ தொகுதியில் உள்ள ‘பனிஷ்மென்ட்’ இவளை நோக்கிப் பேசுகிற கவிதை.

உடல் எப்படி மிஞ்சியது? ஸ்பாக்னம் என்ற பாசி மழைநீரைப் பிடித்துவைத்து அமிலமாக்குகிறது. அடியில் ஆக்ஸிஜன் கிடையாது. பாசியின் செல்சுவரிலிருந்து கசியும் ஸ்பாக்னன் என்ற சர்க்கரைப் பொருள், பாக்டீரியாவுக்கு வேண்டிய நைட்ரஜனைக் கட்டிப்போட்டு அதைப் பட்டினி போடுகிறது. கூடவே தோலையும் பதனிடுகிறது. ஆவாரம்பட்டையில் ஊறும் தோலை நினைத்துக்கொள்ளலாம். அமிலத்தில் எலும்பின் சுண்ணாம்பு கரைந்துபோவதும் உண்டு. விண்டெபியில் எலும்பு தப்பியது நம் அதிர்ஷ்டம். முடி, நகம், கம்பளி, தோலாடை நிற்கும். லினன் போன்ற தாவர நாரில் நெய்தது நிற்காது. இந்தக் கடைசிச் சங்கதி முக்கியம். சதுப்பில் அம்மணமாகக் கிடைத்த உடல் அம்மணமாகவே போடப்பட்டது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சதுப்பு சாட்சிதான். ஆனால் தனக்குப் பிடித்ததை மட்டும் சொல்லும் சாட்சி.

1979-இல் மிஷாயேல் கெபூர் கதையைப் பிரிக்க ஆரம்பித்தார். கம்பளிப் பட்டை, முடியைக் கட்டிய நாடாவாக இருந்து பிற்பாடு கண்மேல் நழுவியிருக்கலாம். ஒரு பக்கத்து முடி குட்டையானதற்குக் கத்திரிக்கோல்தான் காரணமாக வேண்டும் என்பதில்லை. பிறகு கார்பன் கணிப்பு வந்தது. ‘காதலன்’ நூறாண்டுக்கும் மேலாக முந்தியவன். 2000-களில் ஹீதர் கில்-ராபின்சன் எலும்புகளை மறுபடி பார்த்தார். சுமார் பதினாறு வயது. பெரும்பாலும் ஆண்பிள்ளை. எலும்பில் வளர்ச்சி தடைப்பட்ட கோடுகள், தாடையில் சீழ்பிடித்த அடையாளம். நோயில் செத்த பையனை யாரோ புதைத்திருக்கிறார்கள் என்பதுதான் இன்றைக்குப் பொருத்தமான ஊகம்.

வங்கியில் நாள் முழுக்க நான் செய்வது இதுதான்: மாதிரிக் கையெழுத்தைப் பார்த்து, காசோலையைப் பார்த்து, ‘பாஸ்’ பண்ணுவது. ஒருமுறை பெயரைப் படித்துவிட்டால் கண் அப்புறம் கோடுகளைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்க்கிறது. ஆய்வாளர்களுக்கு டாஸிட்டஸ் மாதிரிக் கையெழுத்தாகிவிட்டார். ரைன் நதிக்கு அப்பால் அவர் போனதற்கே சான்றில்லை. அவர் எழுதியதில் பாதி ரோமர்களின் ஒழுக்கத்தைக் குத்திக்காட்டத்தான். அது யாருக்கும் தெரியாத விஷயமில்லை. தெரிந்தே வசதியாக மறந்தார்கள். புலமையின் இந்தச் சோம்பேறித்தனத்தை நம் பக்கத்து உரையாசிரியர்களிடமும் கண்டு எரிச்சல்பட்டிருக்கிறேன்.

ஹீனியை இதே கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கவிதையில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது அந்தப் பெண் அல்ல. பார்த்துக்கொண்டு நிற்கும் கவிஞன். அல்ஸ்டரில் பிரிட்டிஷ் சிப்பாய்களோடு பழகியதற்காகத் தார் பூசப்பட்ட பெண்கள் எதிரில் வாய்மூடி நின்றவன். அந்த மௌனத்தை எந்தக் கார்பன் கணிப்பும் தொட முடியாது. இதை நண்பரிடம் சொன்னேன்.

அவர் ஒப்பவில்லை. “அப்படியானால் அவள் வருகிற இடமெல்லாம் அவன் என்று போட்டுப் படித்துப் பார்” என்றார்.

வீட்டுக்கு வந்து படித்தேன். தொடக்கத்து வரிகளையே தாண்ட முடியவில்லை.