துறை சேரும் கணினி

மும்பையில் வாழும் தமிழர்களுக்கு 'டாக்' என்னும் சொல் புதிதன்று. 1880-இல் திறக்கப்பெற்ற பிரின்சஸ் டாக் முதலாக அந்நகரத்துக் கப்பல் துறைகள் பலவும் அப்பெயராலேயே வழங்கி வந்தன. கடலில் அலைந்த கப்பல் அங்கே வந்து நிற்கும். சரக்கை இறக்கும், வேறு சரக்கை ஏற்றும். வேண்டிய நீரும் எரிபொருளும் பெற்றுக்கொண்டு மறுபடி புறப்படும். 1966 மார்ச்சில் ஜெமினி-8 விண்கலம் வேறொரு கலத்துடன் விண்வெளியில் முதன்முறையாக இணைந்தபோது, அந்தச் செயலுக்கும் அமெரிக்கர் அதே சொல்லைத்தான் ஆண்டனர். இப்பொழுது அச்சொல் நம் வீட்டு மேசைக்கே வந்துவிட்டது. மடிக்கணினியின் அருகில் கிடக்கும் ஒரு சிறு பெட்டிக்கு 'டாக்' என்று பெயர். அதிலிருந்து வரும் கம்பி ஒன்றைக் கணினியில் செருகினால், பெரிய திரைகளும் விசைப்பலகையும் இணையமும் மின்சாரமும் ஒருங்கே வந்து சேரும் என்பது ஏற்பாடு.

தமிழில் இதனைத் 'துறை' என்றே சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். நீராடும் இடமும் துறை, கப்பல் நிற்கும் இடமும் துறை. நான் மொழிபெயர்ப்பாளனாக ஊதியம் பெறுவதும் அரசாங்கத்தின் ஒரு துறையில்தான். இத்தனை பொருளைத் தாங்கும் சொல் இன்னும் ஒன்றைத் தாங்காதா? ஆயினும் கடைக்காரர் 'டாக்' என்றால்தான் எடுத்துக் கொடுக்கிறார். ஆகவே நாமும் அவ்வாறே வழங்குவோம்.

இந்தப் பொருளில் எனக்கு நாட்டம் பிறந்தது தற்செயலாகத்தான். கல்லூரியில் பயிலும் என் மகன் கேமிங் லேப்டாப் ஒன்று வைத்திருக்கிறான். பகலில் அதில் பாடம், இரவில் விளையாட்டு. விடுமுறைக்குத் தில்லிக்கு வந்தவன், என் மேசைமேல் இருந்த இரண்டு திரைகளைப் பார்த்தான். ஒன்றில் ஆங்கில மூலத்தையும் மற்றொன்றில் தமிழையும் வைத்துக்கொண்டு வேலை செய்வது என் வழக்கம். இருவருக்கும் பொதுவாக ஒரு டாக் வாங்கினால் மேசை ஒன்றே போதும் என்றான். வாடகை வீட்டில் இரண்டாவது மேசைக்கு இடம் தேடுவது எத்தகைய பாடு என்பதை வெளிமாநிலத்தில் குடித்தனம் செய்வோர் அறிவர். வாங்கினோம். அவன் கணினியைச் செருகியதும் ஒரு திரை ஒளி பெற்றது. மற்றொன்றில் மௌஸின் குறி தத்தித் தத்தி நகர்ந்தது. விளையாட்டைத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆவதற்குள், மின்சாரம் செருகியிருக்கும்போதே பேட்டரி பாதியாகக் குறைந்தது. அவன் டாக்கைக் குறை கூறினான். கடைக்காரர் கணினியைக் குறை கூறினார். இருவர் கூற்றிலும் பாதியே உண்மை என்பது, இக்கருவிகளின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தபோது தெரிந்தது.

அந்த வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் நம் தமிழ் மண்ணில் வளர்ந்த ஒருவர். ஆடம் ஆஸ்பர்ன் 1939-இல் பாங்காக்கில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்பர்ன் ரமண மகரிஷியின் அன்பர். மகரிஷியைப் பற்றி நூல்கள் எழுதியவர். 1964-இல் திருவண்ணாமலை ஆசிரமத்திலிருந்து 'தி மௌண்டன் பாத்' என்னும் ஆங்கில ஏட்டைத் தொடங்கி நடத்தியவர். யுத்த காலத்தில் தந்தை ஜப்பானியர் காவலில் இருக்க, தாயும் குழந்தைகளும் திருவண்ணாமலையில் வாழ்ந்தனர். ஆடம் கொடைக்கானலில் பள்ளிப் படிப்பைத் தொடங்கி, பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பயின்று, ரசாயனப் பொறியியலில் பட்டம் பெற்றார். கணினிகளைப் பற்றி நூல்கள் எழுதிப் பெயர் பெற்ற அவர், 1981 ஏப்ரலில் ஸான் பிரான்ஸிஸ்கோ கண்காட்சியில் 'ஆஸ்பர்ன்-1' என்னும் கணினியை வெளியிட்டார். அதனை வடிவமைத்தவர் லீ ஃபெல்ஸன்ஸ்டீன். விலை 1,795 டாலர்.

கையில் தூக்கிச் செல்லும் கணினி என்ற பெயரில் வாணிபத்தில் வெற்றி கண்ட முதல் யந்திரம் அதுவே. தூக்கிச் செல்வது என்றால் எப்படி? ஏறத்தாழ 11 கிலோ எடை. தையல் யந்திரப் பெட்டி போன்ற தோற்றம். விமானத்தில் இருக்கையின் அடியில் அடங்கும் அளவு. அத்தனை பெரிய பெட்டியின் நடுவே, இரு நெகிழ்தட்டுக் கருவிகளுக்கு இடையில், 5 அங்குலத் திரை ஒன்று பதிந்திருந்தது. அத்திரையில் ஒரு வரிக்கு 52 எழுத்துகளே தெரியும். வரி அதைவிட நீண்டால், திரையைப் பக்கவாட்டில் நகர்த்தி மிச்சத்தைக் காணவேண்டும். பாதி வாக்கியத்தை மட்டும் கண்டு பொருள் கொள்வதன் தொல்லையை மொழிபெயர்ப்பாளனிடம் கேட்கவேண்டும்! இக்குறையை அதனைச் செய்தவர்களும் அறிந்தே இருந்தனர். ஆகவே வெளியிலிருந்து பெரிய திரை ஒன்றை இணைப்பதற்கான வாயிலையும் அந்தப் பெட்டியின் முகப்பில் வைத்தனர். தூக்கிச் செல்லும் கணினி பிறந்தபோதே மேசைத் திரையின் துணையை நாடியே பிறந்தது.

ஆஸ்பர்னின் நிறுவனம் வளர்ந்த வேகத்திலேயே வீழ்ந்து, 1983 செப்டம்பரில் திவால் ஆயிற்று. அவர் பிற்காலத்தில் இந்தியாவுக்குத் திரும்பி, 2003-இல் கொடைக்கானலிலேயே காலமானார்.

அதன்பின் கணினிகள் இளைத்தன. பெட்டி மடியில் அடங்கும் ஏடாயிற்று. பேட்டரியும் உள்ளே புகுந்தது. எடை குறையக் குறைய, வெளிக் கருவிகளைச் செருகும் வாயில்களும் குறைந்தன. அவற்றை மேசையில் விட்டுச் செல்வது என்ற எண்ணம் அப்படித்தான் எழுந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்தமானது 1992-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட பவர்புக் டுயோ. அது 2 கிலோவுக்கும் குறைந்த எடையுடையது. வாயில்கள் அதில் ஏறக்குறைய இல்லை. அதற்கென மேசைமேல் 'டுயோ டாக்' என்னும் பெரிய பெட்டி ஒன்று இருந்தது. மூடிய கணினியை அதன் வாயில் வைத்தால், வீடியோ நாடாவை உள்ளிழுக்கும் கருவியைப் போல, மோட்டார் ஒன்று அதனை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே 156 ஊசிகள் கொண்ட இணைப்பு. பெட்டியின் தலையில் பெரிய திரை அமரும். கணினி தன் சொந்தத் திரையை மூடிக்கொண்டு, மேசைக் கணினியின் மூளையாக மாறிவிடும்.

அழகிய ஏற்பாடுதான், ஆனால் ஆப்பிளின் டாக் ஆப்பிளின் டுயோவுக்கு மட்டுமே பொருந்தும். பிற நிறுவனங்களும் தத்தமக்கென வேறு வேறு இணைப்புகளைச் செய்துகொண்டன. கணினியை மாற்றினால் டாக்கும் குப்பைக்குப் போகவேண்டியதே. எத்தனை அலுவலகங்களின் அலமாரிகளில் அவை தூசி படிந்து கிடந்தன என்பதை நானே கண்டிருக்கிறேன். இந்த நிலைக்கு முடிவு காண 2014 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு வெளியான யு.எஸ்.பி.-ஸி என்னும் இணைப்பில் 24 ஊசிகள். எப்பக்கமாகச் செருகினும் பொருந்தும். தரவும் படமும் மின்சாரமும் அதன் வழியே செல்ல இயலும். 2015-இல் வந்த தண்டர்போல்ட்-3, அதே வடிவத்தை ஏற்று, விநாடிக்கு 4,000 கோடி பிட் வரையில் அனுப்ப வல்லதாயிற்று. எல்லாக் கப்பலுக்கும் ஒரே துறை என்ற கனவு பலித்ததாகவே பலரும் எண்ணினர்.

நிற்க. வாயிலின் வடிவம் ஒன்றாயிற்றே அன்றி, அதன் பின்னால் ஓடும் பாதைகள் ஒன்றாகவில்லை. எங்கள் மேசையில் நேர்ந்த குழப்பத்தின் வேர் இதுவே.

முதலாவது, பாதையின் அகலம். 4கே எனப்படும் திரையில் 3,840-க்கு 2,160 என்ற கணக்கில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 24 பிட். விநாடிக்கு 60 முறை. பெருக்கிப் பார்த்தால் விநாடிக்குச் சுமார் 1,200 கோடி பிட் ஆகிறது. சாதாரண யு.எஸ்.பி.-ஸி டாக்கில் நான்கு அதிவேகப் பாதைகளுள் இரண்டைத் தரவு எடுத்துக்கொண்டால், படத்துக்கு எஞ்சும் இரண்டில் ஏறத்தாழ 1,300 கோடியே செல்லும். ஒரு திரை நிறைவாக ஓடும். இரண்டாவதையும் சேர்த்தால், வேகத்தையோ நுணுக்கத்தையோ குறைத்தாக வேண்டும். எங்கள் இரண்டாவது திரை 60-க்குப் பதில் 30 முறையே புதுப்பிக்கப்பட்டது. மௌஸ் தத்தியது அதனால்தான்.

இரண்டாவது, மின்சாரம். முழு வேகத்தில் விளையாடும் கேமிங் லேப்டாப்புக்கு 200 வாட்டுக்கு மேலும் தேவைப்படுவதுண்டு. செங்கல் போன்ற மின் பெட்டி அதனுடன் வருவது அதனாலேயே. யு.எஸ்.பி.-ஸி வழியே 240 வாட் வரை அனுப்பலாம் என 2021-இல் விதி வகுக்கப்பட்ட போதிலும், கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் டாக்குகள் 100 வாட்டைத் தாண்டுவதில்லை. வரவினும் செலவு மிகுந்தால் பேட்டரி கரையாமல் என்ன செய்யும்?

மூன்றாவதே நுட்பமானது. இத்தகைய கணினிகளில் படம் வரையும் மூளைகள் பெரும்பாலும் இரண்டு. சிக்கனமானது ஒன்று, ஆற்றல் மிக்கது மற்றொன்று. வேலைக்கேற்ப இரண்டையும் தானே மாற்றிக்கொள்ளும் 'ஆப்டிமஸ்' என்னும் முறையை என்விடியா நிறுவனம் 2010-இல் கொணர்ந்தது. பெரிய மூளை வரைந்த படம் சின்ன மூளையின் வழியாகத் திரைக்குச் செல்வது அம்முறை. பேட்டரிக்கு அது நன்மை. விளையாட்டுக்குச் சிறிது தாமதம். ஆனால் எந்த வாயில் எந்த மூளையுடன் இணைந்துள்ளது என்பது ஒவ்வொரு கணினியிலும் வேறுபடும். என் மகனுடைய கணினியில் யு.எஸ்.பி.-ஸி வாயில் சின்ன மூளையைச் சேர்ந்தது; ஹெச்.டி.எம்.ஐ. வாயில் பெரிய மூளையைச் சேர்ந்தது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இது எப்படித் தெரியும்? விற்பவர் இதனைப் பெட்டியின் மேல் அச்சிடுவதே முறை, பலர் அச்சிடுவதில்லை.

விவரம் தெரிந்தபின் மேசையைத் திருத்தி அமைத்தோம். விளையாட்டுத் திரை நேராகக் கணினியின் ஹெச்.டி.எம்.ஐ. வாயிலுக்குப் போயிற்று. மற்றத் திரையும் விசைப்பலகையும் டாக்கிலேயே நின்றன. மின்சாரத்துக்குப் பழைய செங்கல் பெட்டியே திரும்ப வந்தது. ஒரு கம்பி என்ற வாக்கு மூன்று கம்பியாயிற்று. ஆயினும் படம் தத்தவில்லை, பேட்டரியும் இறங்கவில்லை. பையன் திருப்தியுற்றான்.

விடுமுறை முடிந்து அவன் புறப்பட்ட அன்று, மூன்றையும் கழற்றிக் கணினியைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினான். விளையாட்டுத் திரையின் கம்பியை டாக்குக்கு மாற்றிவிட்டு, என்னுடைய சிறிய மடிக்கணினியில் டாக்கின் கம்பியைச் செருகினேன். 65 வாட்டே அதற்கு மிகுதி. எழுத்து வேலைக்கு 30 முறையும் போதும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என இரண்டு திரைகளும் விழித்துக்கொண்டன. அன்றைக்கு முடிக்கவேண்டிய பக்கங்கள் பன்னிரண்டு இருந்தன.