அனார்கலி யாருடைய கதை?

பேரரசர் அக்பரின் அரண்மனையில் அனார்கலி என்றோர் ஆடற்பெண் இருந்தாள் என்றும், இளவரசன் சலீம் அவள்மீது காதல் கொண்டான் என்றும், அதனைப் பொறாத மன்னர் அவளை உயிரோடு சுவரில் வைத்துக் கட்டச் செய்தார் என்றும் வட நாட்டில் ஒரு கதை வழங்குகிறது. அங்கே குடியேறி வாழும் நம்மவரில் இதனை அறியாதார் சிலரே. 1960 ஆகஸ்டு 5-இல் பம்பாய் மராத்தா மந்திர் கொட்டகையில் வெளியான கே. ஆஸிபின் 'முகல்-ஏ-ஆஸம்' இக்கதையை நாடெங்கும் பரப்பியது. படம் பெருவெற்றி பெற்றது. ஆயினும் அதன் முடிவைப் பற்றிப் பார்த்தவர்கள் ஒருமனப்படவில்லை. அனார்கலியைச் சாகவிடாமல் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு சாரார் குறைப்பட்டனர். அக்பரைக் கொலைகாரராக்காமல் விட்டதே நன்று என்றனர் மற்றொரு சாரார். இப்பிணக்கின் வேர், படத்துக்கு மூலமாயிருந்த நாடகத்தில் இருக்கிறது.

உருது எழுத்தாளர் இம்தியாஸ் அலி தாஜ் 1922-இல் 'அனார்கலி' நாடகத்தை எழுதியபோது இருபத்திரண்டு வயதை எட்டிய இளைஞர், லாகூர்க்காரர். நாடகக் கம்பெனிகள் அதனை உள்ளபடியே ஏற்க மறுத்தன. சில மாற்றங்களைக் கேட்டன. அவற்றுக்கு இணங்கத் தமக்கு மனம் வரவில்லை என்று தாஜ் தம் முன்னுரையில் கூறுகிறார். பாட்டும் பபூனும் இல்லாமல் திரை தூக்காத நம் பழைய கம்பெனி நாடகங்களை அறிந்தோர், அவர்கள் கேட்ட மாற்றங்கள் எத்தகையவை என்பதை ஒருவாறு ஊகித்துக் கொள்ளலாம். ஆகவே நாடகம் நூலாகவே பெரும்புகழ் எய்தியது. ஆசிரியர் மறுத்த மாற்றங்களைச் செய்யும் உரிமையைச் சினிமா, கேளாமலே எடுத்துக்கொண்டது. 1928-இல் மட்டும் இக்கதை பேசாப் படமாக இருமுறை வந்தது.

இது சரித்திரமா என்ற கேள்வியைத் தாஜே எழுப்பி, வரலாற்று நோக்கில் ஆதாரமற்றதாகவே தோன்றுகிறது என்று விடையும் கூறிவிட்டார். அபுல் பஸலின் 'அக்பர்நாமா'விலும் ஜஹாங்கீர் எழுதிய தன்வரலாற்றிலும் அனார்கலியின் பெயர் இல்லை. 1611-இல் லாகூரில் இருந்த வில்லியம் பிஞ்சு என்ற ஆங்கில வணிகர் கேட்டெழுதிய கதையே நமக்குக் கிடைக்கும் பழைய குறிப்பு. அதிலும் அவள் ஆடற்பெண் அல்லள், அக்பரின் மனைவியருள் ஒருத்தி! லாகூரில் அவளுடையதாகக் கூறப்படும் கல்லறையில் ஹிஜ்ரி 1008, 1024 என்ற ஆண்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை முறையே கி.பி. 1599, 1615 ஆகும். 1599-இல் சலீமுக்கு முப்பது வயது. பல மனைவியரும் மக்களும் உடையவன். மறு ஆண்டில் அவன் தந்தைக்கு எதிராகக் கலகம் செய்தது உண்மை. ஆனால் அது அரியணைக்காக நடந்த கலகம்.

சரித்திரம் இவ்வாறு கைவிட்டதால், கதையை எவர் எடுத்துச் சொல்கிறாரோ அவருடைய மனச்சாய்வே அதன் முடிவைத் தீர்மானிக்கிறது. தாஜின் அக்பர் பெருங்கனவுகள் கண்ட ஒரு தந்தை. தாம் கட்டிய பேரரசைத் தாங்கவேண்டிய மகன் ஒரு பணிப்பெண்ணின் கண்களில் தொலைந்து போகிறானே என்று வேகிறார். பொறாமை கொண்ட திலாராம் என்பவளின் சூழ்ச்சி அவ்வேக்காட்டுக்கு நெய் வார்க்கிறது. விழா நாளன்று, சலீமும் அனார்கலியும் மறைவாகப் பரிமாறும் குறிப்புகள் மன்னர் கண்ணில் படுமாறு அவள் கண்ணாடியை அமைத்து வைக்கிறாள். அனார்கலிக்கோ மதுவின் மயக்கம். தான் பார்க்கப்படுவதை அவள் அறியாள். அரங்கத்தில் ஓர் ஓசையும் இல்லாமல், ஒரு மனிதரின் கண்களுக்குள்ளேயே அந்த இடி விழுகிறது. பின்னர் சுவர் எழும்புகிறது, அவள் மடிகிறாள். உண்மை தெரிந்து மகன் முன் நிற்கும் அக்பரிடம் அரசர் என்ற மிடுக்கில் எதுவும் மிஞ்சவில்லை.

படத்தில் இதே கண்ணாடி ஆயிரமாகப் பெருகியது. கறுப்பு வெள்ளைப் படத்தின் நடுவே வண்ணத்தில் விரியும் கண்ணாடி மாளிகையில், மதுபாலா ஏற்ற அனார்கலி மன்னரின் முகத்துக்கு நேரே நின்று தன் காதலை அஞ்சாமல் பாடுகிறாள். கூரையெங்கும் அவள் உருவமே சுழல்கிறது. நாடகத்தை முதலில் படித்தவர், அந்த மௌனம் போயிற்றே என்று வருந்துவார். படத்தை முதலில் கண்டவர், ஏதுமறியாமல் பிடிபடும் நாடகத்து அனார்கலியைக் குரலற்றவள் என்பார். இவ்விடத்தில் நாம் படத்தின் பக்கமே சாய்வோம். சூழ்ச்சிக்கு இரையாகும் பெண்ணிடம் நமக்கு இரக்கம் பிறக்கும். எதிர்த்து நிற்பவளிடமோ மதிப்பும் பிறக்கிறது.

முடிவைப் பற்றி அவ்வாறு கூற இயலவில்லை. சலீம் பிறந்த செய்தியைக் கொண்டுவந்த பணிப்பெண்ணுக்கு, அவள் கேட்பதைத் தருவதாக அக்பர் முன்னொரு நாள் வாக்களித்தார் என்றும், அவளே அனார்கலியின் தாய் என்றும் படம் ஒரு முடிச்சைப் போடுகிறது. அவ்வாக்கைக் காக்கவே மன்னர் சுரங்க வழியில் அனார்கலியை விடுவிக்கிறார். சலீமுக்கு இது தெரியக்கூடாது என்பது நிபந்தனை. மகனுடைய வெறுப்பைத் தாமே சுமந்துகொண்டு, பிருதிவிராஜ் கபூரின் அக்பர் நிமிர்ந்து நிற்கிறார். நாடகத்தில் குற்றவாளியான மன்னர் படத்தில் தியாகியாகிவிட்டார்.

இம்மாற்றம் ஏன் நேர்ந்தது? 1940-களில் தொடங்கிய படம் இது. அக்பராக நடிக்கவிருந்த சந்திரமோகன் 1949-இல் காலமானார்; முதலில் பணம் போட்டவர் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் சென்றுவிட்டார்; ஷாபூர்ஜி பலோன்ஜி முதலீட்டில் வேலை மீண்டும் நடந்தது. இதற்கிடையே நாடே இரண்டாகிவிட்டது. படத்தின் தொடக்கத்தில் இந்தியத் திருநாடே வாய்திறந்து, தன்னை நேசித்தவர்களுள் ஒருவராக அக்பரை அறிமுகப்படுத்துகிறது. அப்படித் தொடங்கிய கதையில் அக்பரின் கையில் ஓர் ஏழைப் பெண்ணின் இரத்தம் படிவது எவ்வாறு? பிரிவினையின் புண் ஆறாத நாட்டுக்கு நீதிமானான ஒரு முகலாயர் தேவைப்பட்டார். இக்காரணத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் அதற்கு விலை கொடுத்தவள் அனார்கலியே. அவள் உயிரைப் பெற்றாள், தன் கதையை இழந்தாள். நாடகத்துக்கு அவள் பெயர். படத்துக்கோ மாபெரும் முகலாயர் என்னும் பொருள்படும் பெயர்.

நம்மவருக்குள் இப்பிணக்கு கூடுதலாகவே இருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1953-இல் பீனா ராய் நடித்த இந்தி 'அனார்கலி'யும், 1955-இல் அஞ்சலிதேவியும் நாகேஸ்வரராவும் நடித்துத் தெலுங்கிலும் தமிழிலும் வந்த 'அனார்கலி'யும் துயரத்திலேயே முடிந்தவை. பின்னதில் அக்பர் எஸ். வி. ரங்காராவ். அவற்றைக் கண்டு கண்ணீர் விட்டவருக்குச் சுரங்க வழி உவப்பாய் இராததில் வியப்பில்லை. ஆஸிபின் படம் 1961-இல் 'அக்பர்' என்ற பெயரிலேயே தமிழ்க் குரல்களுடன் வெளியாகித் தோல்வியுற்றது. மாதுங்காவிலோ கரோல்பாகிலோ இந்தி வடிவத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குக் கடிதம் எழுதியவர்களும், ஊரில் 'அக்பர்' பார்த்தவர்களும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்களா என்பதே ஐயத்துக்குரியது.

2016-இல் மும்பையில் பெரோஸ் அப்பாஸ் கான் இக்கதையை இசை நாடகமாக மேடையேற்றினார். கூட்டம் அலைமோதியது. ஆனால் மேடைக்கு வந்தது தாஜின் நாடகம் அன்று, ஆஸிபின் படம்.