பேஸ் கிட்டாரின் பூச்சற்ற கழுத்து

வயலின் குடும்பத்துக் கருவிகளின் உடலுக்கு வார்னிஷ் பூசினாலும், இடக்கை ஏறி இறங்கும் கழுத்தின் பின்புறத்தைப் பூச்சின்றி விட்டுச் சிறிது எண்ணெய் தேய்த்து மெருகேற்றுவது ஐரோப்பியக் கைவினைஞர்களின் நெடுநாள் வழக்கம். வியர்வை பட்ட வார்னிஷ் பிசுபிசுத்துக் கையின் ஓட்டத்தைத் தடுக்கும் என்பதே அதற்குக் காரணம். 1951இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் உருவாக்கிய பிரிசிஷன் பேஸ் என்னும் பேஸ் கிட்டார், அக்குடும்பத்தின் டபுள் பேஸ் ஆற்றிய பணியை ஏற்றதேயன்றி இந்த வழக்கத்தை ஏற்கவில்லை. ஒரே மேப்பிள் துண்டில் கடைந்த அதன் கழுத்து முழுவதும், தொழிற்சாலையில் விரைவாகத் தெளித்து உலர்த்தத்தக்க நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரால் மூடப்பட்டது.

இதற்கு மரத்தின் இயல்பே நியாயம் கற்பித்தது. காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காடாக இருக்கையில் ஏறத்தாழ 6 விழுக்காடு நீரைத் தன்னுள் வைத்திருக்கும் மரம், ஈரப்பதம் 65ஐத் தொடும்போது 12 விழுக்காடு வரை உறிஞ்சி அகலவாட்டில் உப்பும். நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ எடைக்கு நிகராக இழுக்கும் கழுத்தில், இந்த அசைவு வளைவாகவோ முறுக்காகவோ வெளிப்படும். வளைவைத் திருத்த, டிரஸ் ராட் எனப்படும் எஃகுக் கம்பி கழுத்தின் உள்ளே பதிக்கப்படுகிறது. முறுக்கை அக்கம்பியால் நேராக்க இயலாது.

ஆயினும் லாக்கர் கைபட்டுத் தேய்ந்தது. தேய்ந்த இடங்களில் நுண்துளை மிக்க மேப்பிள் அழுக்கை உறிஞ்சிச் சாம்பல் நிறமாயிற்று. இதனால் 1959இல் விரல்பலகைக்கு ரோஸ்வுட் வந்தது. 1960களின் இறுதியில் தடித்த பாலியெஸ்டர் பூச்சு வந்தது. அது தேயவில்லை என்றாலும் கையில் ஒட்டியதால், பின்புறத்தை எஃகு நாரால் தேய்த்து மரத்தைத் திறந்துவிடும் பழக்கம் வாசிப்போரிடையே பரவியது. 1982இல் ஜெர்மனியில் தொடங்கிய வார்விக் நிறுவனம், கெட்டியான வெங்கே போன்ற ஆப்பிரிக்க மரங்களுக்கு எண்ணெயும் தேன்மெழுகும் மட்டும் இட்டு, அந்த விருப்பத்தைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது. எர்னி பால் மியூசிக் மேன் மேப்பிள் கழுத்துகளுக்கே எண்ணெயும் மெழுகும் இட்டது. அவ்வகையில் பராமரிப்பின் பொறுப்பு தொழிற்சாலையிலிருந்து வாசிப்பவரின் கைக்கு இடம்பெயர்ந்தது.

அப்பொறுப்புக்கான பொருள்களைத் துப்பாக்கிக் கட்டை மெருகிடும் தொழிலே பெரிதும் வழங்கியது. ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடி இறுகும் உலர் எண்ணெய்கள். எலுமிச்சை எண்ணெய் என்ற பெயரில் விற்கப்படும் கனிம எண்ணெய்க் கலவைகளோ இறுகுவதில்லை. பூச்சற்ற கழுத்தை முதலில் ஈரத்துணியால் துடைத்து, எழும் நார்களை உலர்ந்தபின் நுண்ணிய உப்புத்தாளால் நீக்கி, மெல்லிய எண்ணெயிட்டு, மிகையை உடனே துடைத்து, எண்ணெய் இறுகிய பிறகே மெழுகு தேய்க்க வேண்டும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைத்தால் உள்வெப்பம் பெருகித் தானே தீப்பற்றக்கூடும் என்பதால் விரித்து உலர்த்துவது மிக முக்கியம்.

எண்ணெய் அழுக்கையும் வியர்வையையும் தடுக்குமேயன்றி நீராவியை அதிகம் தடுப்பதில்லை என்பதை இம்முறையைப் போற்றுவோர் போதிய அளவு வலியுறுத்துவதில்லை. கருவியைச் சீரான ஈரப்பதத்தில் வைப்பதே கழுத்தை உண்மையில் காக்கிறது. அமெரிக்காவில் தனிக் கழுத்துகளைச் செய்து விற்கும் வார்மோத் நிறுவனம், வெங்கே, ரோஸ்வுட், பாவ் ஃபெரோ ஆகியவற்றைப் பூச்சின்றிப் பயன்படுத்த இசைந்தாலும், மேப்பிளுக்குக் கெட்டியான பூச்சு இடாவிட்டால் முறுக்குக்கு எதிரான உத்தரவாதம் அளிப்பதில்லை.