வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன்

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் ஓர் அமெரிக்கக் கடலோடி, நூலாசிரியர் மற்றும் கப்பல் கட்டுநர் ஆவார். 1902 ஆம் ஆண்டில் பிறந்த இவர், சிறு பாய்மரப் படகில் பசிபிக் தீவுகளின் வழியாக உலகைச் சுற்றி வந்தமைக்காக அறியப்படுகிறார். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை வாங்கி, அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லச் செய்தவரும் இவரே.

உலகப் பயணம்

ராபின்சன் 1928 ஆம் ஆண்டில் சுவாப் என்னும் படகில் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து புறப்பட்டார். இப்பெயர் கனவைக் குறிக்கும் வடமொழிச் சொல்லிலிருந்து பெறப்பட்டது. படகின் நீளம் ஏறத்தாழ 32 அடி. பனாமா கால்வாயைக் கடந்து இவர் பசிபிக் பெருங்கடலை அடைந்தார். தாகித்தித் தீவில் எதேரா என்னும் தீவுவாசி மாலுமியாகச் சேர்ந்து, எஞ்சிய பயணம் முழுவதும் உடன் சென்றார். 1931 நவம்பரில் படகு நியூயார்க் திரும்பியது. அதுவரை உலகைச் சுற்றி வந்த படகுகளுள் சுவாப் மிகச் சிறியதாகக் கருதப்பட்டது. இப்பயணத்தைப் பற்றிய இவரது நூல் 1932 இல் வெளிவந்தது.

பசிபிக் தீவுகளிடையே பாயோட்டம்

வெப்பமண்டலத் தென் பசிபிக்கில் தென்கிழக்குத் தடக்காற்று சீராக வீசுகிறது. ஆகவே கிழக்கிலிருந்து மேற்காகச் செல்லும் படகுகளுக்குக் காற்று பின்புறமிருந்து துணை செய்கிறது. காலாபாகோஸ் தீவுகளுக்கும் மார்க்கெசஸ் தீவுகளுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 3,000 கடல் மைல். இதனைக் கடக்கச் சிறு படகுகளுக்குப் பொதுவாக மூன்று முதல் நான்கு வாரங்கள் தேவைப்படும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென் பசிபிக்கில் புயற்காலம் ஆகும்.

துவாமோத்துத் தீவுகள் பெரும்பாலும் தாழ்வான பவளத்தீவுகள். அவை தொலைவிலிருந்து தென்படுவதில்லை. நீரடிப் பாறைகளை அறிய, சூரியன் உயரத்திலும் முதுகுப்புறத்திலும் இருக்கும் வேளையிலேயே படகோட்டிகள் காயலுக்குள் நுழைவர். மருத்துவ உதவி தொலைவில் இருப்பது மற்றோர் இடர். 1934 இல் காலாபாகோஸ் தீவுகளில் ராபின்சனுக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டு உயிருக்கு ஆபத்து நேர்ந்தபோது, அமெரிக்கக் கடற்படை பனாமாவிலிருந்து உதவி அனுப்பிக் காப்பாற்றியது.

அன்னபூரணி

அன்னபூரணி வேப்பமரம் முதலிய உள்ளூர் மரங்களால் கட்டப்பட்ட இரு பாய்மரக் கப்பல். இதன் நீளம் 89 அடி, அகலம் 19 அடி. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சரக்கேற்றும் வகையைச் சேர்ந்த இக்கப்பலை ராபின்சன் 1936 இல் வாங்கி, தம் மனைவியின் பெயரால் புளோரன்ஸ் சி. ராபின்சன் எனப் பெயரிட்டார்.

1937 இல் தொடங்கிய இதன் பயணத்தில் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஐவர் பணியாற்றினர். கனகரத்தினம் தம்பிப்பிள்ளை அவர்களின் தண்டையல், அதாவது தலைவர். சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் பெருங்கடல் ஆகியவற்றைக் கடந்து, கப்பல் 1938 ஆகத்து மாதத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோசெஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கரையோர வணிகத்துக்கென மரபுமுறையில் கட்டப்பட்ட கப்பலும் அதன் மாலுமிகளும் பெருங்கடலைக் கடக்க வல்லவர்கள் என்பதற்கு இப்பயணம் சான்றாகும். கப்பல் புதிய பெயருடன் அமெரிக்கா சென்றபோதிலும், ஈழத்தமிழரிடையே அது இன்றும் அன்னபூரணி என்றே வழங்கப்படுகிறது.

தாகித்தியில் வாழ்வு

ராபின்சன் மாசசூசெட்சின் இப்சுவிச் நகரில் கப்பல் கட்டும் தளம் நடத்தினார். தமக்கென வாருவா என்னும் பாய்க்கப்பலை 1942 இல் கட்டினார். தாகித்தி மொழியில் இச்சொல் ஆவியைக் குறிக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அக்கப்பலிலேயே தாகித்தி சென்று குடியேறினார். தமிழகத்தின் கடலோர மாவட்டங்களிலும் பரவலாகக் காணப்பட்ட யானைக்கால் நோய், அத்தீவுகளிலும் கொசுக்களால் பரவி வந்தது. அந்நோயை ஒழிக்கும் ஆய்வுப் பணிகளுக்கு இவர் துணைபுரிந்தார்.