பேர்சிவல் பாதிரியார்: பிரசங்க மேடையும் வகுப்பறையும்

பேர்சிவல் பாதிரியாரின் பெயரை நம்மவர் பெரும்பாலும் ஆறுமுக நாவலரின் வாழ்க்கை வரலாற்றிலேதான் சந்திக்கின்றனர். அவ்வரலாற்றில் அவருக்குச் சில பக்கங்கள் உண்டு. நாவலர் மிஷன் பாடசாலையை விட்டு வெளியேறியதும் பாதிரியாரும் நம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார். அதன் பின்னர் அவர் முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார் என்பதையும், அக்காலத்தின் பெரும்பகுதியைத் திருச்சபைத் தலைமையில் அன்றிக் கல்லூரியிலும் அச்சுக்கூடத்திலும் செலவிட்டார் என்பதையும் நாம் போதிய அளவு கவனித்ததில்லை. மதத் தலைமையை விட்டு ஆசிரியப் பணியை மேற்கொண்ட அம்மனிதரின் மாற்றம் தனியொருவரின் கதை மட்டுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்க் கல்வி யாருடைய கையில் இருந்தது, யாருக்கு எட்டியது என்னும் வினாக்களும் அதனுள்ளே அடங்கிக் கிடக்கின்றன.

இங்கிலாந்தில் 1803இல் பிறந்த பீற்றர் பேர்சிவல், வெஸ்லியன் மிஷனரியாக 1826இல் இலங்கைக்கு வந்தார். இடையிற் சில காலம் கல்கத்தாவிற் பணிபுரிந்த பின் யாழ்ப்பாணத்திலே நிலைகொண்டு, அங்குள்ள வெஸ்லியன் திருச்சபையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஏற்கெனவே இருந்த மிஷனின் ஆங்கிலப் பாடசாலை 1834இல் அவர் கையில் மத்திய பாடசாலையாயிற்று. இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அதுவே. அதே ஆண்டில் பெண்களுக்கென ஒரு பாடசாலையும் தோன்றிற்று. பின்னாளில் வேம்படி மகளிர் கல்லூரியாக வளர்ந்தது அது. பெண்கல்வி என்பதைச் சமூகம் ஐயத்தோடு நோக்கிய காலத்தில் அப்பாடசாலை திறக்கப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. அதை நடத்தியோரின் நோக்கம் மதமாற்றமே என்பதையும் மறத்தலாகாது.

மிஷனரிமாருக்குப் பாடசாலை ஒரு வாயில். கோயிலுக்குள் அழைத்துச் செல்லும் வாயில். ஆனால் வாயிலிற் காவல் நின்றவரையே உள்ளிருந்த பொருள் கவர்ந்துவிட்டால் என்ன செய்வது? பேர்சிவலுக்கு நேர்ந்தது அத்தகையதே என்று கருதுகிறோம். தமிழைப் பிரசங்கத்துக்காகக் கற்கத் தொடங்கியவர், நாளடைவில் தமிழையே தம் வேலையாகக் கொண்டார். 1840களின் முற்பகுதியிலேயே தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கில மொழிபெயர்ப்போடு யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். பழமொழியைத் தொகுப்பவன் ஊராரின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டேயாக வேண்டும். பிரசங்கியின் தொழிலோ பிறரைத் தன் பேச்சைக் கேட்கச் செய்வது.

பாதிரியாரின் பாடசாலையில் மாணவனாகச் சேர்ந்த நல்லூர் ஆறுமுகம் 1841 முதல் அங்கேயே ஆசிரியராகவும், பைபிள் மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைவராகவும் விளங்கினார். சைவப் பற்று மிக்க இளைஞர் ஒருவரின் துணைகொண்டே கிறிஸ்தவ வேதம் தமிழாக்கப்பட்டது. அம்மொழிபெயர்ப்பைச் சென்னைப் பண்டிதர் முன் வைத்து மதிப்பிடுவிக்க இருவரும் சென்னைக்குச் சென்றனர். 1850இல் அது அச்சேறியது, ஆயினும் நிலைபெறவில்லை. பழைய மொழிபெயர்ப்பிலே ஊறியிருந்த தமிழ்நாட்டுத் திருச்சபையினர் அதை ஏற்கவில்லை. பின்னர் 1871இல் பவர் ஐயர் தலைமையில் வெளிவந்த மொழிபெயர்ப்பே வழக்கில் நிலைத்தது. பேர்சிவலின் பல்லாண்டு உழைப்புத் திருச்சபைக்குப் பயன்படாமற் போயிற்று. தமிழ் உரைநடைக்கு அவ்வுழைப்பால் நேர்ந்த பயன் வேறு. அம்மேசையிலே பயின்ற கையே பின்னர் பாலபாடங்களை எழுதியது.

1848இல் நாவலர் மிஷனை விட்டு விலகி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். நம் நூல்கள் இவ்விலகலை ஒரு துறவுபோற் போற்றுகின்றன. சில ஆண்டுகளுள் குருவும் விலகினார் என்பதை அவை சொல்வதில்லை. 1850களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பிய பேர்சிவல், கால் நூற்றாண்டு தாம் உழைத்த வெஸ்லியன் சபையை விட்டு ஆங்கிலிக்கன் சபையிற் சேர்ந்தார். கன்ரபரியில் இருந்த மிஷனரிக் கல்லூரியொன்றில் இந்தியாவைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். அவை 1854இல் நூலாயின. பின்னர் சென்னைக்கு வந்து, சில காலத்துள் மாகாணக் கல்லூரியில் சமஸ்கிருதத்துக்கும் நாட்டு மொழிகளுக்கும் பேராசிரியரானார். யாழ்ப்பாணத்திலே ஒரு சபையின் தலைவராக இருந்தவர், சென்னையிலே பலருள் ஓர் ஆசிரியராயினார். இதை வீழ்ச்சி என்று கொள்ள நம் மனம் இசையவில்லை. அவர் குருப்பட்டத்தைத் துறந்தவருமல்லர், ஏகாதிபத்தியத்தை எதிர்த்தவருமல்லர். அரசாங்கக் கல்லூரியில் சம்பளம் பெற்றவர். ஆயினும் மாணவனின் மதத்தை மாற்றுவது இப்போது அவர் தொழிலன்று; மொழியைக் கற்பிப்பதே தொழில்.

1855இல் அவர் தொடங்கிய 'தினவர்த்தமானி' என்னும் வாரப் பத்திரிகையும் அத்தொழிலின் நீட்சியே. வாரம் வரும் ஏட்டுக்குத் தினவர்த்தமானி என்று பெயரிட்டது ஏனோ! அதன் ஆசிரியப் பணிக்குச் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளையை அவர் அழைத்தார். வட்டுக்கோட்டை செமினரியிற் பயின்ற அவ்விளைஞர், 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். அவர் 1868இல் சேனாவரையர் உரையையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்ததைத் தமிழுலகம் அறியும். பேர்சிவலின் கைவழி வந்த நாவலர், தாமோதரம்பிள்ளை இருவரும் சைவத்துக்கும் தமிழுக்கும் உழைத்தனர். அவருடைய பழைய மிஷனின் கணக்கில் இது நட்டமாகவே எழுதப்பட்டிருக்கும்.

ஆனால் இங்கே நாம் நின்று ஒரு கேள்வியைக் கேட்க வேண்டியவராயிருக்கிறோம். குரு விட்டது திருச்சபைத் தலைமையை; மாணவர் விட்டது மிஷன் உத்தியோகத்தை. இருவரும் சென்று சேர்ந்த இடம் வகுப்பறை. அவ்வகுப்பறையில் அமர்ந்தோர் யார்? நாவலரின் வித்தியாசாலை உயர்சாதிச் சைவப் பிள்ளைகளுக்கானது. சாதியாசாரத்தை அவர் சைவ ஒழுக்கத்தின் பகுதியாகவே கொண்டார். மாகாணக் கல்லூரியின் வாயிலில் சாதியைக் கேட்டிருக்கமாட்டார்கள். கட்டணமும் ஆங்கிலமும் அவ்வேலையைச் செய்தன. மனிதர் யாவரும் ஒரே கடவுளின் பிள்ளைகள் என்று போதித்த மிஷன்களும் பாடசாலை வாங்கு என்று வந்தபோது நிலவுடைமையாளரின் முகத்தைப் பார்த்தே நடந்தன. வாங்கில் அமர்ந்த பிள்ளையின் தகப்பன் கோபித்தால் பாடசாலை காலியாகிவிடும் என்பது அவர்களின் அச்சம். அந்த அச்சம் பொய்யானதென்று சொல்ல முடியாது. 1929இல் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளில் சம ஆசனத்தை வற்புறுத்தியபோது யாழ்ப்பாணத்தில் பாடசாலைகளே தீக்கிரையாயின. பேர்சிவல் மத்திய பாடசாலையை உருவாக்கி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரும் நிலத்தில் அமர்ந்த பிள்ளை வாங்கில் ஏறுவதற்கு இவ்வளவு எதிர்ப்பு இருந்தது. அச்சத்துக்குப் பணிந்து பணிந்து அதை வளர்த்தவர்களும் அத்தீயிற் பங்குடையவர்களே.

இக்குறையை மட்டும் காட்டிப் பாதிரியாரைத் தள்ளிவிடுதல் எளிது. நாம் அவ்வாறு செய்யத் துணியவில்லை. தலைமைப் பதவியில் இருந்தவர் கட்டளையிடும் பழக்கத்தை விட்டு, நாள்தோறும் பாடஞ்சொல்லும் வேலைக்கு வருதல் அரிது, இக்காலத்திலும் அரிது. அகராதிகளுக்குச் சொல் திரட்டுதல், வாரந்தவறாது பத்திரிகையை வெளியிடுதல், மாணவரின் விடைத்தாளைத் திருத்துதல் ஆகியவற்றைப் பார்க்கப் பேராலயத்திலே கூட்டம் கூடுவதில்லை.

பிற்காலத்தில் அவர் ஏற்காட்டு மலையில் தங்கினார், 1882இல் காலமானார். அதற்கு எட்டாண்டுகளுக்கு முன், 1874இல், தினவர்த்தமானி அச்சுக்கூடத்திலிருந்து அவருடைய பழமொழித் தொகுதி மீண்டும் வெளிவந்தது. யாழ்ப்பாணத்திற் சிறு நூலாகத் தொடங்கியது இப்போது ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளைக் கொண்டிருந்தது. சபை மாறி, நாடு மாறி, தொழில் மாறியும் இந்த ஒரு வேலையை மட்டும் அவர் கைவிடவில்லை. உழவும் கூலியும் பசியும் கடனும் கமக்காரனின் தந்திரமும் மாமியின் வாயும் நிறைந்த அப்பழமொழிகள், எந்த வகுப்பறையிலும் அமர்ந்திராதவர்களின் நாவிலும் பல தலைமுறையாய்ப் புழங்கியவை. நூலின் முகப்பிலே பேர்சிவலின் பெயர் இருக்கிறது. பழமொழிக்கு ஆசிரியர் பெயரிடும் வழக்கம் எந்நாட்டிலும் இல்லை.