வீச்சு

பேசு பேச்சானது போல, பூசு பூச்சானது போல, வீசு வீச்சானது. வீச்சரிவாள், வீச்சுவலை, கைவீச்சு எல்லாவற்றிலும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும் ஓட்டம் இருக்கிறது. எந்திர நூல்கள் இதைப் பிஸ்டனுக்கும் கொடுத்தன. சிலிண்டருக்குள் அது ஏறி இறங்கும் தூரமே வீச்சு. ஸ்ரீ கெம்பாங்கான் கார் பட்டறையில் ‘வீச்சு’ என்று கேட்டால் சிரிப்பார்கள். அங்கே அது ‘ஸ்ட்ரோக்’தான்.

புரோட்டான் கார்களின் கேம்ப்ரோ எஞ்சின்களைப் பாருங்கள். 1.3, 1.6 இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 76 மி.மீ. வீச்சு மட்டும் 73.4, 88. கிராங்க் தண்டின் வளைவு நீண்டதால் வந்த 14.6 மி.மீ. அது. அந்த விட்டமுள்ள வட்டத்தின் பரப்பை வீச்சாலும் நான்கு சிலிண்டராலும் பெருக்கினால் 1,332 சிசி, 1,597 சிசி. கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு கூடியது. தொடக்கக்கால எஞ்சின்களில் குதிரைத்திறன் 94இலிருந்து 110தான். முறுக்குவிசையோ 120 நியூட்டன் மீட்டரிலிருந்து 148. நீண்ட வீச்சின் தாராளம் வேகத்தைவிட இழுவையில்தான் தெரியும். அதே சுழற்சியில் பிஸ்டன் கூடுதல் தூரம் ஓடவேண்டுமே!

கொள்ளளவு கூடுவதால் சாலை வரியும் தீபகற்ப மலேசியாவில் 70 வெள்ளியிலிருந்து 90 ஆகிறது.