செட் (ஆங்கிலச் சொல்)

செட் என்பது ஆங்கிலத்தில் வினையாகவும் பெயராகவும் பெயரடையாகவும் வழங்கும் மூன்றெழுத்துச் சொல். 1989இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இதனுடையதே. வினைக்கு மட்டும் 430 பொருள்களும் அவற்றுக்கு ஏறத்தாழ 60,000 சொற்களில் விளக்கமும் அதில் உண்டு. பொருள்களை எங்கே பிரிப்பது என்பது அகராதிக்காரரின் கையில் இருப்பதால் இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்லை அளந்துவிட முடியாது. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில் 645 வினைப்பொருள்களோடு 'ரன்' முந்திவிட்டது.

வினைச்சொல்லின் மூலம் பழைய ஆங்கிலத்தின் 'செட்டன்'. உட்காருதலைக் குறிக்கும் 'சிட்' என்பதன் பிறவினை இது. தமிழில் 'இரு', 'இருத்து' என்பவை போன்ற இணை. பெயர்ச்சொல்லில் வேறொரு கிளையும் வந்து கலந்தது. பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்த 'செக்டா' என்ற லத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து இதே உருவத்தை அடைந்தது. ஒன்றை ஓரிடத்தில் நிலைக்க வைத்தல், சேர்ந்தவற்றின் தொகுதி என்ற இரண்டு பொருள்களும் ஒரே சொல்லில் தங்கியிருப்பதற்கு இந்தக் கலப்பு ஒரு காரணம்.

இறந்தகாலத்திலும் இந்த வினையின் உருவம் மாறாது. 'தே செட் த டேபிள்' என்றால் அவர்கள் சாப்பாட்டு மேசையில் தட்டுகளை எடுத்து வைக்கிறார்களா, வைத்தார்களா என்பதை இடம் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

நிலைக்க வைத்தல் என்ற கருத்தைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான பொருள்கள் வசப்படும். முறிந்த எலும்பை நேராக்கிப் பொருத்துவது, மோதிரத்தில் கல் பதிப்பது, அச்சுக்கோப்பவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் அடுக்குவது ஆகிய மூன்றுக்கும் வினை ஒன்றே. கடிகாரத்தில் அலாரம் வைத்தல், தேதி குறித்தல், வினாத்தாள் தயாரித்தல், பொறி வைத்தல் ஆகியவையும் இதில் அடங்கும். சூரியன் மறைவதற்கும் இதே வினைதான். கீழிறங்கி அமர்தல் என்ற பழைய நினைப்பு அதில் இன்னும் இருக்கிறது.

குழைவான பொருள் இறுகுவதும் செட் ஆவதே. தயிர் உறைவதை இந்திய ஆங்கிலம் இப்படிச் சொல்கிறது. கட்டுமானத் துறையில் இது கறாரான கலைச்சொல். இந்தியத் தர விதிப்படி சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் தண்ணீர் சேர்த்த 30 நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கக் கூடாது; 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும். அதன்பின் நாள்கணக்கில் வலுவேறுவதைக் குறிக்கச் சொல் வேறு.

துணைச்சொற்கள் சேரும்போதுதான் கற்பவர் திணறுகிறார். 'செட் அப்' நிறுவுதல். 'செட் இன்' பருவமழை போன்றது தொடங்கி நிலைபெறுதல். 'செட் அசைட்' பணத்தோடு வந்தால் ஒதுக்கி வைத்தல், நீதிமன்றத்தில் கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பை ரத்து செய்தல். 'செட் ஆஃப்' பயணம் புறப்படுதல், வெடியை வெடிக்கச் செய்தல், வருமான வரிக் கணக்கில் நட்டத்தை லாபத்தில் கழித்தல் என மூன்று திசையில் போகிறது. இவற்றை மனப்பாடம் செய்வதைவிட வாக்கியத்தோடு பழகுவதே வழி.

பெயராக வரும்போது தொகுதிப் பொருள் மேலோங்கும். கணிதத்தில் கியோர்க் கேண்டர் 1874 முதல் வளர்த்த கோட்பாட்டின் அடிப்படை இது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைக் 'கணம்' என்றும் இலங்கைப் பாடநூல்கள் 'தொடை' என்றும் வழங்குகின்றன. டென்னிஸில் பல கேம்கள் சேர்ந்தது ஒரு செட். 2010 விம்பிள்டனில் ஐஸ்னரும் மஹூவும் ஆடிய கடைசி செட் 70-68 வரை நீண்டது. 2022 முதல் கிராண்ட்ஸ்லாம் போட்டிகள் நான்கிலும் கடைசி செட் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டைபிரேக்கர் வைக்கப்படுகிறது.

தமிழ்ப் பேச்சிலும் இச்சொல் நன்கு ஊன்றிவிட்டது. பம்புசெட், மைக்செட், சினிமா செட், வளையல் செட், செட் தோசை எல்லாம் பெயர்வழக்கு. 'எங்க செட்டு' என்றால் உடன் படித்தவர்கள். 'செட்டு சேர்த்துக்கிட்டு திரியிறான்' என்றால் கண்டிப்பு. பொருந்தி வராத ஆளையோ வேலையையோ 'செட் ஆகாது' என்று தள்ளிவிடுகிறார்கள். 'செட்டாகக் குடும்பம் நடத்துதல்' என்பதில் உள்ள செட்டு மட்டும் இதிலிருந்து வந்ததல்ல. சிக்கனத்தையும் வாணிகத்தையும் குறிக்கும் பழைய தமிழ்ச் சொல் அது.